பத்து இடத்துல நாலு காலி

அந்தச் சேர் வேண்டாம்மா, அதுல ஒரு கால் விரிசல். போன வாரம் ஒருத்தங்க உக்காந்து, பாவம், பொத்துனு விழுந்தாங்க. இப்படி வாங்க, இந்த நீலச் சேர்ல உக்காருங்க. கார் ஷெட்டுன்னாலும் காத்து நல்லா வரும். இன்னைக்குத்தான் பாப்பாவை டான்ஸ்ல புதுசா சேத்தீங்களா? பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு. புதுசா சேத்த அம்மாங்க எல்லாரும் முதல் நாள் மாடிப்படியையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அப்புறம் பழகிடும். ஹேமா டீச்சர் ஆறு மணிக்கு முன்னாடி விடமாட்டாங்க. மேல கட்டையத் தட்டுற சத்தம் கேக்குதுல்ல? அது நின்னா கிளாஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் நமக்கு ஒரு வேலையும் இல்லை.

பாப்பாவுக்கு என்ன வயசு? ஏழா? சரியான வயசுதான். எங்க ஆதிரையை ஆறு முடிஞ்சு ஏழு நடக்கறப்ப சேத்தேன். பதினோரு வருஷம் ஆடினா, இதே மாடியில. என் பொண்ணு எதுன்னா கேக்கறீங்க? அவ மேல இல்லைம்மா. அமெரிக்காவுல இருக்கா. ஆகஸ்ட் மாசம் போனா. பின்ன நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்கன்னு கேக்க வாய் வருது, கேக்காம இருக்கீங்க. நல்ல பழக்கம். சொல்றேன். ஒரு விஷயத்துக்கு நீங்கதான் நியாயம் சொல்லணும். உங்களுக்கு என்னைத் தெரியாது, அவளைத் தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் எனக்கு நியாயமா சொல்லமாட்டேங்கிறாங்க.

முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. பாப்பா வாங்கற சர்ட்டிபிகேட் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஆறுதல் பரிசா இருந்தாலும் சரி. நான் ஒண்ணு விடலை. அறுபத்திரண்டு. பெரிய ஃபைலு, ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் கவருக்குள்ள, வருஷ வாரியா. எல்.கே.ஜி.யில மாறுவேடப் போட்டி, தக்காளி வேஷம். அதுல இருந்து ஆரம்பிக்கும். திருக்குறள் ஒப்புவிச்சது, கையெழுத்துப் போட்டி, அபாகஸ் எட்டு லெவலும், ஹிந்தி பரீட்சை, கீபோர்டு, கராத்தே மஞ்சள் பெல்ட்டு. கராத்தே மாஸ்டர் ஊரை விட்டே போயிட்டார், இல்லைன்னா அதுவும் மேல போயிருக்கும். டான்ஸ் மட்டும் பதினெட்டு சர்ட்டிபிகேட். ஏழாவது படிக்கறப்ப சலங்கை பூஜை. உறையூர்ல இருந்து தில்லைநகர், தில்லைநகர்ல இருந்து தென்னூர்னு ஸ்கூட்டியில நான் சுத்தின சுத்துல டயரே மூணு தடவை மாத்தினேன்.

அவங்க அப்பா மஸ்கட்ல. வருஷத்துக்கு முப்பது நாள் வருவார். வந்தா பத்து நாள் தூங்குவார், பத்து நாள் அவங்க அக்கா வீடு, தங்கச்சி வீடு, பத்து நாள் திரும்பிப் போறதுக்குப் பெட்டி கட்டுவார். நல்ல மனுஷன்தான், நான் குறை சொல்லலை. எங்க அம்மா வீடு கோவில்பட்டிப் பக்கம், அண்ணனோட பேச்சுவார்த்தை இல்லை. அதுக்காக நான் தனியா கிடந்தேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குத் தனியா இருக்க எங்கம்மா நேரம்? திங்கள் ஹிந்தி, செவ்வாய் டான்ஸ், புதன் கீபோர்டு, வியாழன் அபாகஸ், வெள்ளி மறுபடி டான்ஸ். இங்க வந்தா இந்த ஷெட்டுல நாங்க ஏழு பேரு. வளர்மதி, பர்வீன், ரெஜினா டீச்சர், இன்னும் மூணு பேரு, அப்புறம் நான். ஆளுக்கொரு டப்பாவுல ஏதாவது எடுத்துட்டு வருவோம். ஆறு மணிக்கு கிளாஸ் முடிஞ்சா ஏழு மணிக்குத்தான் எழுந்திரிப்போம். என்ன பேசுவோம்னு கேட்டா இப்ப ஒண்ணும் ஞாபகம் வரலை. ஆனா பேசி முடியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம், பன்னெண்டாவது ஆரம்பிச்ச உடனே, நான் வெளிநாட்டுல படிக்கப் போறேம்மான்னு சொன்னா. முழு ஸ்காலர்ஷிப் கிடைச்சா மட்டும் போறேன், இல்லைன்னா இங்கயே. நல்லாத்தான் படிப்பா. நான் சரின்னுட்டேன். உள்ளுக்குள்ள, எங்க கிடைக்கப் போகுதுன்னு ஒரு நினைப்பு. அதையும் சொல்லிடறேன், மறைப்பானேன்.

அந்த அப்ளிகேஷன்ல படிப்பைத் தவிர என்னென்ன செஞ்சேன்னு எழுதறதுக்கு இடம் இருக்கு. ஆக்டிவிட்டீஸ். மொத்தம் பத்து இடம். ஒவ்வொண்ணுக்கும் நூத்தம்பது எழுத்துதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம்னு கணக்கும் குடுக்கணும். பதினோரு வருஷ டான்ஸை நூத்தம்பது எழுத்துல எழுதுன்னா என்ன அர்த்தம்? மளிகைச் சீட்டே அதை விட நீளமா இருக்கும். ஸ்கூல்ல இந்த வெளிநாட்டு அப்ளிகேஷனுக்குன்னே ஒரு மிஸ் இருந்தாங்க, ஷர்மிளா மிஸ்னு, சின்னப் பொண்ணு. பேரண்ட்ஸ் மீட்டிங்ல நான்தான் முதல்ல கையத் தூக்கினேன். "மிஸ், தனியா ஒரு ரெஸ்யூம் தயார் பண்ணிச் சேத்து அனுப்பலாமா?"

"எல்லா பேரண்ட்சும் இதைக் கேப்பாங்க மேடம். அந்தப் பத்துல சொல்ல முடியாதது ஏதாவது இருந்தா வைக்கலாம். அதையே திருப்பிச் சொல்றதா இருந்தா வேண்டாம். படிக்கறவங்களுக்கு எரிச்சல்தான் வரும்"னாங்க.

எரிச்சலா! பொண்ணு பெருமையைப் படிச்சா எரிச்சல் வருமா? வீட்டுக்கு வந்து ஆதிரையைக் கேட்டேன். "பத்தையும் ரொப்பிட்டியாடி?"

"ஆறு போட்டிருக்கேன்."

"மீதி நாலு?"

"காலி."

எனக்கு வந்ததே கோவம். பஸ்ஸுல சீட்டு காலியா இருந்தா ஜன்னல் வழியா கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடிக்கிற ஊருடி இது, அறுபத்திரண்டு சர்ட்டிபிகேட்டை வச்சுக்கிட்டு நாலு இடத்தைச் சும்மா விடறியான்னு கேட்டேன். சிரிச்சா. டான்ஸ் போட்டியான்னேன். அதுக்கு ஒரு பதில் சொன்னா பாருங்க. "அது என் ஆக்டிவிட்டி இல்லைம்மா."

பின்ன யாருது, எதுத்த வீட்டுக்காரியோடதா? கேக்கறேன்ல, நான் கேக்கறது தப்பா?

அவ செய்யலைன்னா என்ன, நான் செய்யறேன்னு ஃபைலத் தூக்கிட்டு நேரா பிரிட்டோ கடைக்குப் போனேன். சாலை ரோட்டுல ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன் எல்லாம் பண்ணற கடை. பிரிட்டோ தங்கமான பையன், அக்கா அக்கான்னு உயிரை விடுவான். அவன் தினமும் டைப் அடிக்கிறது கல்யாண பயோடேட்டாதான். அவன் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கு, அதுலயே பேரை மாத்தி அடிச்சுடுவான். ரெண்டு நாள் கூடவே உக்காந்து சொல்லச் சொல்ல அடிச்சான். நாலு பக்கம். மெரூன் கலர்ல பூ பார்டர். மேல நடுவுல பிள்ளையார். டான்ஸ் டிரஸ்ல ஆதிரை முழு உயரத்துக்கு ஒரு போட்டோ. இங்கிலீஷ்லதான் அடிச்சான், ஆனா முதல் பக்கத்துல பிறந்த நேரம், மிதுன ராசி, திருவாதிரை, உயரம், மாநிறம், அப்பாவுக்கு வேலை, சொந்த வீடு, எல்லாம் வந்துடுச்சு. கடைசியில எதிர்பார்ப்புன்னு ஒரு வரி. அதுல நல்ல காலேஜ், முழு ஸ்காலர்ஷிப்னு மாத்தினான். எனக்கு அப்போ தப்பாவே தெரியலைம்மா, சத்தியமா. பாக்கப் பாக்க அழகா இருந்துச்சு. பதினோரு வருஷமும் ஒரே இடத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினா, அவ சிரிக்க ஆரம்பிச்சவ நிறுத்தலை. கண்ணுல தண்ணி வருது. "அம்மா, இதை அனுப்பினா காலேஜ்ல இருந்து பொண்ணு பாக்க வந்துடுவாங்கம்மா. நீ சொஜ்ஜி பஜ்ஜி போட்டு வை."

எனக்குச் சிரிப்பு வரலை. நான் அழுதுட்டேன். உடனே சிரிப்பை நிறுத்திட்டு வந்து கிட்ட உக்காந்தா. "ஸாரிம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா வைக்க மாட்டேன்"னா. பிடிவாதம், அப்படியே அவங்க அப்பா.

ஒன்பது நாள் நான் அவகிட்ட பேசலை. ஒரு வார்த்தை பேசலை. தட்டுல சோத்தை வச்சுட்டு எழுந்து போயிடுவேன். அவ என்ன பண்ணுவா தெரியுமா? சாயங்காலம் காப்பி போட்டுக் கொண்டுவந்து வச்சுட்டு, சோபாவுல என் பக்கத்துல உக்காந்து பாடப் புத்தகத்தை வச்சுப் படிச்சுக்கிட்டே இருப்பா. நான் பேசலை. அவ எழுந்தும் போகலை. செவ்வாய்க்கிழமை வந்துச்சு. அரையாண்டுப் பரீட்சை சமயம். பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்க யாராவது அப்போ டான்ஸ் கிளாசுக்கு வருவாங்களா? அவ செட்டு பிள்ளைங்க எல்லாம் பத்தாவதோட நின்னுடுச்சுங்க, அதுங்களோட தங்கச்சிங்கதான் வருதுங்க. இவ டான்ஸ் சேலையைக் கட்டிட்டு ஸ்கூட்டிகிட்ட போய் நிக்கறா. "நேரமாச்சும்மா. கிளம்பு." பேசாமயே ஏத்திக்கிட்டு வந்து இங்க விட்டேன். எவ்வளவு ஆசை பாருங்க அவளுக்கு டான்ஸ் மேல. அப்படித்தான் நினைச்சேன்.

மறுநாளே ஒரு கவர்ல அந்த நாலு பக்கத்தையும் வச்சு ஒட்டி, மேல ரெண்டு பின்னும் அடிச்சு, ஷர்மிளா மிஸ் கையில குடுத்தேன். ஆதிரைக்குத் தெரிய வேண்டாம், ஸ்கூல்ல இருந்து போற பேப்பரோட சேத்து அனுப்பிடுங்கன்னு சொன்னேன். "பாக்கறேன் மேடம்"னு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

மார்ச் கடைசியில லெட்டர் வந்துச்சு. சீட்டும் கிடைச்சுது, ஸ்காலர்ஷிப்பும் முழுசா. எனக்குத் தலைகால் புரியலை. என் நாலு பக்கத்தைப் பாத்துட்டுத்தான் குடுத்திருக்காங்கன்னு மனசுக்குள்ள ஒரே ஆட்டம். வாயால சொல்லலை, சொன்னா அவளுக்குத் தெரிஞ்சுடும்ல. கெட்டி அட்டை மாதிரி பேப்பர், கீழ பேனாவால ரெண்டு வரி எழுதியிருந்துச்சு. நான் பி.காம்., இங்கிலீஷ் படிப்பேன், ஆனா அந்தக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. லேமினேஷன் போட பிரிட்டோகிட்ட கொண்டு போனேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு என் முகத்தைப் பாக்கறான்.

"அக்கா, உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

"எனக்கென்னடா? நல்லாத்தானே இருக்கேன்."

"இல்லக்கா, 'உன் அம்மாவுக்கு எங்கள் அன்பு, அவர் இப்போது எப்படி இருக்கிறார்'னு எழுதியிருக்கு."

எங்கேயோ ஏழு கடல் தாண்டி இருக்கிற ஒருத்தி என்னை எதுக்கு விசாரிக்கணும்? லேமினேஷனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு வீட்டுக்கு வந்தேன். என்னடி எழுதின என்னைப் பத்தின்னேன். முதல்ல ஒண்ணுமில்லைன்னா. நான் விடலை. அப்புறம் லேப்டாப்பத் திறந்து அந்த அப்ளிகேஷனைக் காட்டினா.

ஆறு இடம் ரொப்பியிருந்தான்னு சொன்னேன்ல? முதல் இடம், மேல, நம்பர் ஒண்ணு. குடும்பப் பொறுப்புன்னு அதுல ஒரு தலைப்பு இருக்காம். தம்பி தங்கச்சியைப் பாத்துக்கறது, வீட்டுல படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாத்துக்கறது, அதெல்லாம் எழுதற இடம். அதுல எழுதியிருக்கா. எனக்கு வரி வரியா மனப்பாடம். 'அம்மாவுக்குத் துணை. அப்பா வெளிநாட்டில். அம்மாவுக்கு இங்கே யாரும் இல்லை. வாரம் இரண்டு நாள் அம்மாவை டான்ஸ் கிளாசுக்கு அழைத்துப் போகிறேன். நான் ஆடுவேன், அம்மா பேசுவார்.'

கேட்டீங்களா? யாரு யாரைக் கூட்டிட்டுப் போனது? ஸ்கூட்டி ஓட்டினது நான்! பெட்ரோல் போட்டது நான்! மழைன்னா ரெயின்கோட்டை அவளுக்குப் போட்டுட்டு நனைஞ்சது நான்! இவ என்னைக் கூட்டிட்டு வந்தாளாம்! கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். ஊருக்கு முன்னாடி, உலகத்துக்கு முன்னாடி என்னை நோயாளி ஆக்கிட்டியேடின்னேன்.

அவ கத்தலை. அதான் எனக்கு இன்னும் தாங்கலை. "எனக்கு எட்டாவதுலயே டான்ஸ் போதும்னு ஆயிடுச்சும்மா. கால் வலி வேற. ஆனா நீ வீட்டை விட்டு வெளியில வர்றதே அதுக்குத்தான். அங்க வந்தாத்தான் நீ சிரிப்ப. நான் நின்னுட்டா நீ எங்க போவ?"ன்னா.

நான் எங்க போவேனாம்.

அது பக்கத்துல கணக்கு போட்டிருந்தா. வாரத்துக்கு இருபது மணி நேரம். வருஷத்துக்கு அம்பத்திரண்டு வாரம். மத்த அஞ்சு இடத்துலயும் முப்பது வாரம், முப்பத்தஞ்சு வாரம்னுதான் இருக்கு. இதுல மட்டும் அம்பத்திரண்டு. ஒரு வாரம்கூட லீவு போடலை பாருங்க. பரீட்சைக்கும் லீவு இல்லை, நான் பேசாம இருந்த அந்த ஒன்பது நாளுக்கும் லீவு இல்லை.

மே மாசம் டி.சி. வாங்க ஸ்கூலுக்குப் போனப்ப ஷர்மிளா மிஸ் என் கவரைத் திருப்பிக் குடுத்தாங்க. நான் அடிச்ச பின்னு ரெண்டும் அப்படியே இருந்துச்சு. பிரிச்சுக்கூடப் பாக்கலை. "தேவைப்படலை மேடம், ஆதிரை எழுதினதே போதுமா இருந்துச்சு"ன்னாங்க. நான் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஃபைல்ல அறுபத்து மூணாவதா அந்தக் கவரை வச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க, மீதி நாலு இடத்துல ஒண்ணுல, ஒரே ஒண்ணுல, அம்மா செஞ்சதுன்னு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? இடமா இல்லை?

சொல்ல மாட்டேங்கிறீங்க. பரவாயில்லை.

ஏர்போர்ட்டுல நான் அழலை. அவதான் அழுதா. நான் தைரியமாத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னு தெரியாம ஆழாக்கைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, அப்பத்தான். அது போகட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை அஞ்சு மணி ஆச்சு, கால் தன்னால கிளம்பிடுச்சு. ஹேமா டீச்சர் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. செருப்பையெல்லாம் ஜோடியா அடுக்கி வைப்பேன், சின்னதுங்களுக்குச் சேலை அவுந்தா கட்டி விடுவேன். பழைய செட்டுல யாரும் இல்லை. வளர்மதி பெரிய பொண்ணு கோயம்புத்தூர்ல படிக்குது, சின்னதையும் கூட்டிக்கிட்டு அவங்களும் அங்கயே வீடு பாத்துப் போயிட்டாங்க, ஆதிரைக்குத் தெரியாது. பர்வீன் போன்ல எப்பவாவது. இப்ப வர்ற அம்மாங்க விட்டுட்டு வண்டியைத் திருப்பிடறாங்க, இல்லைன்னா போனை எடுத்துக்கறாங்க. நான் குறை சொல்லலை, அவங்களுக்கு ஆயிரம் வேலை.

ஞாயித்துக்கிழமை காலையில ஆதிரை கூப்பிடுவா. சாப்டியாங்கறதுக்கு முன்னாடி, "கிளாசுக்குப் போனியாம்மா? யாருகூட பேசின?"ன்னுதான் கேப்பா. நான் சொல்லுவேன். வளர்மதி முறுக்கு கொண்டுவந்தா, பர்வீன் மாமியார் கதையைச் சொன்னா, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலின்னு. எல்லாம் புளுகு. ஒருத்தரும் இல்லைன்னு சொன்னா அந்தப் பொண்ணு அங்க என்ன படிக்கும்? அந்தக் காலேஜ்காரிதான் கேட்டிருந்தாளே, எப்படி இருக்கேன்னு. நான் நல்லா இருக்கேன். அதுக்கு ஒரு பதில் போடணும்னு நினைக்கிறேன், எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

உங்க பேரு என்னம்மா? தேன்மொழியா? நல்ல பேரு. இந்த ஞாயித்துக்கிழமை உங்க பேரைச் சொல்லுவேன். புளுகாம ஒரு பேரு சொல்லலாம்.

ஐயையோ, மேல சத்தமே இல்லையே. கட்டைச் சத்தம் எப்ப நின்னுச்சு? மணி என்ன? ஆறே முக்காலா! அடக் கடவுளே, எல்லாரும் போயாச்சு, செருப்புகூட ஒரு ஜோடிதான் கிடக்கு. பாப்பா எங்க? இதோ, தூணுக்குப் பின்னாடி நிக்குது பாருங்க. கண்ணு, எப்படா இறங்கி வந்த? அப்பவேயா? அம்மாவைக் கூப்பிட வேண்டியதுதானே, ஏன் இப்படி நிக்கற?

கேட்டீங்களா என்ன சொல்லுதுன்னு? அம்மா பேசிட்டு இருந்தாங்க, அதான் நிக்கறேங்குது.

எங்க ஆதிரையும் அதே தூணுலதாம்மா சாஞ்சு நிக்கும். ஆறுல இருந்து ஏழு வரைக்கும். போலாமான்னு ஒரு நாள் கேட்டதில்லை. நான் அப்போ, ஆஹா, என்ன பொறுமையான பிள்ளைன்னு நினைச்சேன். இந்த ஷெட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

எழுந்திரிங்க, எழுந்திரிங்க, பிள்ளைக்குப் பசிக்கும். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை வந்தா நேரா மாடிக்கு ஏறிப் போங்க. ஒரு ஓரமா உக்காந்து அது எப்படி ஆடுதுன்னு பாருங்க. ஆடறப்ப மூஞ்சி எப்படி இருக்குன்னு பாருங்க. பதினோரு வருஷத்துல நான் ஒரு நாள்கூட அந்தப் படி ஏறலை. என்கிட்ட வந்து உக்காராதீங்க. நான் கூப்பிட்டாலும் உக்காராதீங்க, நான் கூப்பிடுவேன்.

போயிட்டு வாங்க. பாப்பா, டாட்டா. தேன்மொழி, அந்த கேட்டைச் சும்மா சாத்திட்டுப் போங்க, தாழ்ப்பாள் போட வேண்டாம். நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்.